தலைகீழ் ‘அ’

"மறுபடியும் தலைகீழாத்தான் எழுதியிருக்கா!"

ரங்கநாயகி டீச்சர் சலித்துக்கொண்டார். சூலூரில் அந்தச் சின்ன நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. அட்மிஷன். காலையிலிருந்து முப்பது குழந்தைகளைப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீட்.

மேஜை மேல் சிலேட்டு. அதன் முன்னால் ஸ்டூலில் நாலரை வயது மாசாணி. அவள் தோளுக்குப் பின்னால் டீச்சர் நின்றிருந்தார். பெற்றவர்கள் குசுகுசுவென்று சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். அதனால் அவர்களை மேஜைக்கு அந்தப் பக்கம், குழந்தைக்கு எதிரே நிறுத்துவது பள்ளியின் வழக்கம். அங்கே நின்றாள் அம்மா பொற்கொடி. தலைமுடியில் பஞ்சுத் தூசி.

முதலில் குழந்தை மிரண்டுபோய் எழுதவே இல்லை.

"பயப்படாதே கண்ணு. அம்மாவுக்கு எப்படி எழுதிக் காட்டுவியோ, அப்படி எழுது" என்று டீச்சர்தான் தட்டிக்கொடுத்தார்.

எழுதினாள். ‘அ’. தலைகீழாக. அடுத்து ‘ப’ சொன்னார். அதுவும் தலைகீழ்.

"சரியாத்தானுங்களே எழுதியிருக்கா?" என்றாள் பொற்கொடி.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. "ஏனுங்க, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடம் போனதே இல்லீங்க. அறிவொளி வகுப்புக்குப் போலாம்னா ஷிப்ட் விடலீங்க. பாப்பாதான் பால்வாடியில படிச்சுப்போட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா."

"நல்லாச் சொல்லிக் குடுத்தா, போங்க!" டீச்சர் சிலேட்டைத் தட்டினார். "இங்க பாருங்க. இந்த வயசுல தன் கண்ணுக்குத் தெரியறதுதான் உலகம்னு நெனைப்பாங்க. இப்ப வந்த ஒரு பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு, ‘மிஸ், நான் எங்க இருக்கேன் சொல்லுங்க’ங்கறா. அதெல்லாம் சகஜம். பி.எட்.ல மனோதத்துவத்துல நான்தான் ஃபர்ஸ்ட். ஆனா இவளுக்கு எழுத்தே நேரா வரலை. அடுத்த வருசம் பார்க்கலாம்."

பொற்கொடியின் முகம் வாடிவிட்டது.

"இன்னொரு வருசம் தறிக்குடோன் தூசியிலயே கெடப்பாளுங்க. இப்பவே இருமறா. கொஞ்சம் மனசு வையுங்க மிஸ்."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க?"

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பொற்கொடியின் பக்கத்தில் வந்து நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சிலேட்டில் ஒரு ‘அ’. பக்கத்தில் ஒரு ‘ப’. இரண்டும் அச்சடித்த மாதிரி நேராக.

"கண்ணு..." டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. "ஏன் இப்படி எழுதினே?"

"அம்மா அந்தப் பக்கமில்லீங்க மிஸ் நிக்குது? நான் எனக்கு நேரா எழுதுனா அம்மாவுக்குத் தலைகீழாத் தெரியும்."

"எழுதிட்டு சிலேட்டைத் திருப்பிக் காட்டலாமில்ல?"

"அப்பறம் கை எப்படிப் போவுதுன்னு அம்மாவுக்குத் தெரியாதுங்களே."

பொற்கொடி திகைத்துப்போனாள். "குடோன்ல நூல் சுத்தற மிஷினுக்கு இந்தப் பக்கம் நானுங்க, அந்தப் பக்கம் இவ. தறிச் சத்தத்துல ஒண்ணும் காதுல உழுகாது. ரெண்டு கையும் நூல்ல இருக்கும். இவ எழுத எழுதப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். எனக்கு எப்பவும் நேராத்தானுங்க தெரிஞ்சுது..."

சொல்லிக்கொண்டே மேஜையைச் சுற்றி ஓடினாள். மகளின் தோளுக்குப் பின்னால் நின்று சிலேட்டைப் பார்த்தாள்.

"அடி ஆத்தா! இத்தனை நாளா எனக்கே தெரியாதுங்களே!" பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

ரங்கநாயகி கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். அடியில் கைநாட்டு இல்லை. ‘பொற்கொடி’ என்று தத்தித் தத்தி ஒரு கையெழுத்து. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. நாலரை வயசு வாத்தியாரம்மா தயார் செய்த மாணவி! தனக்கு முதல் மார்க் வாங்கிக் கொடுத்த அந்த மனோதத்துவப் புத்தகத்தில் இப்படி ஒரு குழந்தை இருக்கும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

பேனாவைத் திறந்து ‘சேர்க்கலாம்’ என்று எழுதினார். பிறகு சிலேட்டைத் தன் முந்தானையாலேயே துடைத்து வைத்தார்.

"எங்கே, இப்ப எனக்கு ஒரு ‘அ’ எழுதிக் காட்டு பார்க்கலாம்."

மாசாணி பல்பத்தை எடுத்தாள். உடனே எழுதவில்லை. டீச்சரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க, மிஸ்?"