வடிகட்டியில் திருநீறு

மதிவாணனின் கறுப்புச் சட்டை சலவை இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பத்து மணிக்குப் பகுத்தறிவு மன்றத்தில் அவர் பேச வேண்டும்.

“தண்ணீரை ஒருவழியாக வடித்துவிட்டேன்” என்றது இயந்திரம். “வடிகட்டியில் திருநீறு, குங்குமம், மடித்த காகிதம். எப்படி வந்தன என்று உண்மையைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.”

“வீட்டுக்காரம்மா வேலை.”

“பொய். குரல் நடுங்குகிறது.”

மனைவி செண்பகம் கரண்டியோடு வந்து நின்றாள். “என் புடவையில ஏதுங்க பாக்கெட்டு?”

“வேற சட்டை போட்டுக்கிட்டுப் போறேன்.”

“வெள்ளையில போனா, பேச்ச விட்டுட்டு அதைத்தான் கேப்பாங்க.”

அவர் இயந்திரத்தின் பக்கம் குனிந்தார். “போன மாசம் இவளுக்கு ஆபரேஷன். என்னைய உள்ள விடல. எதிர்ல பிள்ளையார் கோயில். பூசாரி குடுத்தத என்ன செய்யறதுன்னு தெரியாம பாக்கெட்ல வச்சேன்.”

கதவு திறந்தது.

“ஒரு நாளா போனீங்க?” என்றாள் செண்பகம்.

“நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரச் சட்டையை உதறினாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.

“இனிமே நெத்தியிலேயே பூசிக்குங்க. மெஷினுக்கு நல்லது.”