சமையலறையிலிருந்து வந்த கதிர்

பால்வீதியில் பாசிட்ரான் என்னும் நுண்துகள்கள் அழியும்போது கிளம்பும் காமா கதிரை வரைபடமாக்குவதுதான் செங்கொடிக்கு வேலை. பலூனில் ஏற்றி அனுப்பவேண்டிய கருவி, சோதனைக்காக அவள் வீட்டு மொட்டைமாடியிலேயே இருந்தது. இன்று அந்தக் கதிர் வானத்தை விட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து கொட்டியது.

"அம்மா! வாழைத்தாரிலயும் இந்தக் கதிர் வரும், உள்ள வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

"வைக்கலடி" என்றபடி அம்மா மாடியேறி வந்தாள். கருவியின் திரையில் அந்தக் கதிரைக் காட்டிய புள்ளியும் கூடவே ஏறி வந்தது.

புற்றுநோய் ஸ்கேனுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் உடம்பிலிருந்தும் இதே கதிர்தான் வரும். செங்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போன?"

"காலையில, பஸ்ல. உன்னக் கூப்பிட்டா வேலை கெடுதுன்னு கத்துவியே."

'தேவையற்ற கதிர். நீக்கவா?' என்று கருவி கேட்டது.

"நீ வாயை மூடு!" என்று அதன்மேல் எரிந்து விழுந்தவள், அதே குரலில் அம்மாவிடமும் கத்தினாள்: "ரிப்போர்ட் என்னைக்கு வரும்? நானும் வர்றேன்."