பச்சை வழி

"வளையலைக் கழட்டுங்க அத்தை. அந்த ஊக்கையும்தான். கல்யாண வீட்டுக்கா கிளம்பி வந்திருக்கீங்க?"

மருமகனின் குரல் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். மாமியார் கையைப் பிசைந்து பிசைந்து வளையலைக் கழற்றிச் சாம்பல் நிறத் தட்டில் வைத்தார்.

மருமகன் மாதம் தவறாமல் விமானம் ஏறுபவர். நாடா இல்லாத ஷூ, உலோகக் கொக்கி இல்லாத பெல்ட், கேட்பதற்கு முன்பே வெளியே எடுத்து வைத்த லேப்டாப். முன்னால் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு மாட்டிக்கொண்டு விழித்ததைப் பார்த்து மூக்கால் சிரித்தார்.

"இந்த மாதிரி ஜென்மங்களாலதான் வரிசையே நகர மாட்டேங்குது. பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற மாதிரி வந்துடறாங்க." மாமியாரைப் பார்த்தபடிதான் அதையும் சொன்னார். 'அத்தை'யோ 'ங்க'வோ அவர் பேச்சில் குறைவதே இல்லை. குறைந்தது மரியாதை மட்டும்தான்.

மாமியாருக்கு இது முதல் விமானம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். "நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்மா" என்று போனில் அழுதிருந்தாள். அழைத்துப் போக மருமகனே வந்துவிட்டார். "நீங்க அடுக்கினா அது பெட்டி இல்ல, மூட்டை" என்று மாமியாரின் பெட்டியையும் தன் கையாலேயே அடுக்கினார்.

"மறுபடி சொல்லுங்க பார்ப்போம். பெட்டியை அடுக்கினது யாரு?"

"நீங்க."

"அய்யோ. 'நானே அடுக்கினேன்'னு சொல்லணும். வீட்ல எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்?"

"நானே அடுக்கினேன்."

"அடுத்தவங்க சாமான் ஏதாவது?"

"எதுவும் இல்லை. அடுத்தவங்க சாமானை வாங்கவும் கூடாது, வெச்சுக்கவும் கூடாது."

"அது. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாலும் அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் பேரப்பிள்ளையைப் போன்லதான் கொஞ்சணும்."

மற்ற ஏச்செல்லாம் காதோடு போய்விட்டது. இது மட்டும் மாமியாரின் மனதில் தங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை, காலையில பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பவுடர் டப்பா..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை." மருமகன் பல்லைக் கடித்தார். "பவுடர், கத்தி, குண்டு, இந்த மாதிரி வார்த்தையெல்லாம் இங்க வாயிலேயே வரக் கூடாது. போய் இறங்கற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போய் இறங்கும்வரை மாமியார் எதுவும் பேசவில்லை.

அங்கே சுங்கச் சோதனையில் இரண்டு வழிகள் இருந்தன. வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் கொண்டு வராதவர்களுக்குப் பச்சை வழி. "நீங்க முன்னாடி போங்க. என்னைத் திரும்பிப் பார்க்காதீங்க. ஒண்ணாப் போனா கேள்வி ஜாஸ்தி வரும்" என்று சொல்லிவிட்டு மருமகன் நாலைந்து பேர் தள்ளி நின்றுகொண்டார்.

மாமியாரின் பெட்டி இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது.

"பெட்டியை யாரும்மா அடுக்கினது?" என்று தமிழிலேயே கேட்டார் அந்த ஊர்ப் பெண் அதிகாரி.

"நானே அடுக்கினேன்."

"அடுத்தவங்க சாமான் ஏதாவது இருக்கா?"

"எதுவும் இல்லை."

அதிகாரியே பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துக் கொடுத்தார். பின்னால் மருமகனுக்கு மூச்சு வந்தது. கிளிப்பிள்ளைக்குச் சொன்னாலும் இத்தனை சுலபமாக வேலை முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, தன் பெட்டியை ஒரு விரலால் உருட்டி வந்து இயந்திரத்தில் ஏற்றினார்.

பெட்டி பாதியில் நின்றது.

"திறங்க."

தாராளமாகத் திறந்தார். இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவே ஒரு குழந்தைப் பவுடர் டப்பா இருந்தது. அதிகாரி அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். மூடியைத் திருகித் தட்டில் கவிழ்த்தார். கொஞ்சம் பவுடர் உதிர்ந்தது. பின்னாலேயே மஞ்சள் மஞ்சளாகத் தங்கக் கட்டிகள் விழுந்தன.

"இது எப்படி இங்க... அவங்க பெட்டியிலதானே வெச்சேன்?"

சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் சொன்னோம் என்பது மருமகனுக்கு உறைத்தது. அவருடைய விரல் காட்டிய திசையில் எல்லோரும் பார்த்தார்கள். சொன்ன சொல் மாறாமல் அதுவரை திரும்பியே பார்க்காத மாமியார் இப்போது மெல்லத் திரும்பினார்.

"அடுத்தவங்க சாமானை வெச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க, அதான் உங்க பெட்டிக்கே மாத்திட்டேன்."