முறைப்பு மிஸ்ஸுக்கு ஒரு ஊசி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு நர்ஸ் இருந்தாள். அவளிடம் ஒரே ஒரு பை இருந்தது. அந்தப் பையைக் காலையிலிருந்து ஏழாவது தடவையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டாயிற்று. இனி வீடு வீடாகப் போய் முகச்சுருக்கத்துக்கு ஊசி போடுவதுதான் பிழைப்பு. இன்றைக்குத்தான் முதல் வீடு. அது சொதப்பினால் இரண்டாவது வீடு இல்லை.

"குளிர்பெட்டி?" என்றாள் நாத்தனார். கார் ஓட்டப்போவது அவள்தான்.

"இருக்கு. நாலு டிகிரி காட்டுது."

"கையுறை? பஞ்சு? போட்ட ஊசியைப் போடற மஞ்சள் டப்பா?"

"எல்லாம் இருக்கு. வெள்ளைக் கோட்டு வேண்டாம், வெளியே எடுத்து வை. விளக்கு வேண்டாம். மடக்கு நாற்காலியும் வேண்டாம்."

"ஏன் அண்ணி? இதுக்குத்தானே ஒரு மாசம் கடை கடையா அலைஞ்சோம்?"

"மிஸ் வேண்டாம்னுட்டாங்க. மஞ்சள் டப்பா கண்ணுல படக் கூடாதாம். பை காய்கறிப் பை மாதிரி இருக்கணுமாம். அவங்க வீட்டுக்காரர் கேட்டா, பழைய ஸ்டூடண்ட், சும்மா பார்க்க வந்தேன்னு சொல்லணுமாம்."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முறைப்பு மிஸ். தினமும் காலையில் ஈரக் கைக்குட்டையோடு வாசலில் நிற்பார். மையோ பவுடரோ, எதைப் பூசி வந்தாலும் அங்கேயே துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

"என் கண் மையை எத்தனை நாள் வழிச்சு எடுத்திருக்கும் அந்தம்மா. இப்ப அறுபத்தெட்டு வயசுல மூஞ்சிக்கு இஸ்திரி கேக்குது. அதுவும் கட்டினவருக்குத் தெரியாம."

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு. டாக்டர் நேர்ல பார்த்து எழுதிக் கொடுத்திருக்கார். நமக்கென்ன?"

சொன்னாளே தவிர, நர்ஸின் மனசிலும் அதே நினைப்புதான் ஓடியது.

மணியை அடிக்கும் முன்பே மிஸ் கதவைத் திறந்தார். "மெதுவா வா" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார். பையை எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தட்டு எதுக்கு?"

"அவசர மருந்து மிஸ். ஏதாவது ஒத்துக்காமப் போனா வேணும். இது இல்லாம ஊசி போட மாட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மிஸ்ஸிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"சரி. துணியால மூடி வை."

ஜன்னலோரம் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"முறைங்க மிஸ்."

"என்னது?"

"புருவத்தை நல்லாச் சுருக்குங்க. எந்த இடம் இழுக்குதுன்னு பார்த்துப் புள்ளி வைக்கணும்."

மிஸ் முறைத்தார். பேனா பிடித்த கைக்குப் பத்து வயதாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மிஸ்ஸின் கணவர். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலை" என்றார் சின்னக் குரலில். இரண்டு அடி பின்னால் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மிஸ் முறைப்பை விட்டுவிட்டார். ஆனால் புருவங்களுக்கு நடுவே இருந்த இரண்டு கோடுகளும் அசையாமல் அங்கேயே நின்றன.

"சீக்கிரம் போடு" என்றார்.

ஐந்து இடத்தில் குத்தினாள். கோடு தளர நாலைந்து நாள் ஆகும், பதினாலாம் நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்து ஒத்துக்காமல் போனால் ஓடிவர வசதியாக, அரை மணி நேரம் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏதும் ஆகவில்லை.

"பாவம் மனுஷன்" என்றாள் நாத்தனாரிடம். "நாமளாவது மணி அடிச்சதும் தப்பிச்சு ஓடினோம்."

பதினாலாம் நாள் நாத்தனாரும் கூடவே வாசல்வரை வந்தாள். வேண்டுமென்றே கண்ணில் பட்டையாக மை தீட்டியிருந்தாள்.

கதவைத் திறந்தவர் மிஸ்ஸின் கணவர்.

"வாங்க, வாங்க. இனிமே பயப்படாம வரலாம்" என்று ரகசியம்போலச் சொன்னார். "முன்னாடி இங்க ஒரு கோவக்கார அம்மா இருந்தாங்க. என்னைப் பார்த்தாலே முறைப்பாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியாது. அவங்க போயிட்டாங்க."

"எங்க போனாங்க?" என்றாள் நாத்தனார்.

"யாருக்குத் தெரியும்? இப்ப வேற ஒருத்தங்க வந்திருக்காங்க. தங்கமானவங்க. இவங்க கொடுத்தா மாத்திரைகூடக் கசக்கறதில்லை."

அவருக்குப் பின்னால் மிஸ் நின்றிருந்தார். கையில் பாதி காலியான சாப்பாட்டுக் கிண்ணம். நெற்றி வழவழவென்று இருந்தது.

"ஆறு மாசமா என் கையால ஒரு வாய் வாங்கலை" என்றார் தணிந்த குரலில். "இவருக்கு நான் யாருன்னே மறந்து போச்சு. முறைக்கிறேன்கிறது மட்டும் தெரிஞ்சுது. வெள்ளைக் கோட்டையும் ஊசியையும் பார்த்தா கட்டிலுக்கு அடியில போயிடுவார். அதான் உன்னை அந்தப் பாடு படுத்தினேன்."

நாத்தனாரின் கண் மை, இந்தத் தடவை யாரும் துடைக்காமலே கரைந்து இறங்கியது.

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"மூணு மாசம், மிஞ்சிப்போனா நாலு மாசம் மிஸ்."

"மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்கே வந்துடு. அந்தம்மா திரும்பி வந்துடக் கூடாது."

"உள்ள போலாமா? சாப்பாடு ஆறிடும்" என்றார் கணவர். புதிதாகப் பழகியவரின் கையைத் தொடுவதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு மிஸ்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.