சாவி செருகிய பிறகு

திரையில் இரண்டு என்று வந்தது.

சுகிர்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பத்துப் பொருத்தத்தில் இரண்டு. போன மாதம் இதே இரண்டு ஜாதகங்களுக்கும் இதே கம்பியூட்டர் ஒன்பது என்று சொல்லியிருந்தது.

எதிரே கதிரையில் வடிவம்மா, மகனின் கல்யாணப் பத்திரிகைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெல்தோட்டைச் சம்பந்தி வீட்டார் பொருத்தத் தாளின் இன்னொரு பிரதி கேட்டார்களாம். அதற்காகத்தான் நாவலப்பிட்டிக்கு, சுகிர்தா வேலை செய்யும் ராஜலிங்கம் மாமாவின் ஜாதகக் கடைக்கு வந்திருந்தாள்.

வித்தியாசம் ஒன்றுதான். இன்று சாவி இருந்தது.

கம்பியூட்டரின் பின்னால் செருகும் விரல் நீளக் கட்டை அது. அது இல்லாமல் அந்தப் பழைய ஜாதக மென்பொருள் திறக்காது. சாவி தொலைந்தபோது, விற்ற கம்பனியே மூடிப்போயிருந்தது. சுகிர்தாதான் மென்பொருளின் பூட்டை உடைத்தாள். காப்புரிமைச் சட்டம், பொலிஸ் என்று மாமா பயந்தார். முறைப்பாடு கொடுக்கவே ஆளில்லையே என்று அவள் சிரித்தாள்.

இன்று காலை அலுமாரிக்குப் பின்னால் சாவி அகப்பட்டது.

"இனி நாம கள்ளனுங்க இல்ல புள்ள," என்று மாமாவே செருகிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சாவியைக் கழற்றினாள். ஒன்பது.

செருகினாள். இரண்டு.

பூட்டு உடைந்ததை அந்த மென்பொருள் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறது. மூச்சுக்காட்டாமல், வந்தவர்களுக்கெல்லாம் பொய்க் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளை நம்பி எத்தனை பேர் தட்டு மாற்றினார்களோ, எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களோ.

பூட்டை உடைத்த அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் முதலில் ஒரு ஜோடியைப் போட்டிருந்தாள். மூன்று வந்தது. அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. அன்று அவள் சோறு தின்னவில்லை.

அந்தப் பெயர்களையும் பிறந்த நேரங்களையும் விரல்கள் இப்போது தாமாகவே தட்டின.

ஒன்பது.

எந்த விசையை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. வடிவம்மா எட்டி எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, திருப்பி நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டாரல. பேரு ரெண்டும் சரியா இருக்கானு நீயே வாசிம்மா."

சுகிர்தா தாளை வாங்கினாள்.

"கஜேந்திரன்," என்று வாசித்தாள்.

மகனின் பெயரைக் கேட்டு வடிவம்மா தலையாட்டினாள். மருமகளின் பெயருக்காகக் காத்திருந்தாள்.

சுகிர்தா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.