ஆறு நீதிபதிகளும் ஒரு தட்டச்சரும்

பொதுமக்களையே ஜூரிகளாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லச் செய்யலாமா என்று ஆறு நீதிபதிகள் மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். முடிவு சொல்லவேண்டிய கடைசி நாளும் சாய்ந்துவிட்டது. மூலையில் தட்டச்சருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

தலைவர் அலுத்துப்போய் அவள் பக்கம் திரும்பினார். "நீயும் பொதுஜனம்தானேம்மா. நீயே சொல்லு, வேணுமா வேணாமா?"

"வேணாங்கய்யா."

"சட்டுனு சொல்லிட்டா பாருங்க! இந்தத் தெளிவுக்குத்தான் ஜூரி வேணும்னேன்" என்று தோற்றவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

'வேண்டாம்' என்ற ஒரு பக்கத்தை அடித்துக் கையெழுத்துக்கு நீட்டிவிட்டு, அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

'வேணும்' என்று சொல்லியிருந்தால், நீதிபதிகள் கோழிக் கிறுக்கலில் எழுதிவைத்திருந்த நாற்பது பக்க ஜூரி விதிமுறையையும் அடித்து முடித்துவிட்டல்லவா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்?