முகம் தெரிகிற கேமரா

"பழசே போதுங்க. அதுவும் நல்லாத்தானே எடுக்குது?"

"எங்க எடுக்குது? மலை தெரியுது, மரம் தெரியுது, ஆள் மட்டும் தெரியலையே!" என்று மனைவிமேல் சீறி விழுந்தார் பெரியவர்.

கேமராக் கடையில் அந்த விற்பனையாளனுக்கு 'லென்ஸ்' என்று பட்டப்பெயர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனையும் பேசியே மயக்கிப் பையோடு அனுப்பிவைக்கிற ஆசாமி. அவனே இன்று முழி பிதுங்கி நின்றான். எதைக் காட்டினாலும் பெரியவர் "இதைவிடப் பெரிசு?" என்றார். அந்த அம்மாள் "இதைவிடச் சின்னது?" என்றாள்.

"டூருக்குத்தானே சார்? காட்டுக்கா, கடலுக்கா? பறவை ஏதாவது எடுப்பீங்களா?"

"பறவையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் பொண்ணைத்தான் எடுக்கணும்."

லென்ஸ் விழித்தான். பெரியவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஒரே மகள். அவருக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள்.

"செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கத்தித் தொலைச்சேன், தம்பி. வாய்க்கொழுப்பு! அவ ஒரு மலையூர்ல இருக்கா. வருஷா வருஷம் போறோம். அவ வீட்டுக்கு எதிர்ச் சரிவுல ஒரு லாட்ஜ். ஜன்னல்ல நின்னா அவ பால்கனி தெரியும். துணி காயப்போட வருவா. அப்ப எடுத்துக்குவேன்."

"நேராப் போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துட்டா என்ன சார்?"

"அப்ப நான் சொன்ன சொல்லு என்னாகிறது? படத்துல பார்த்தா முழிச்சதாக் கணக்கில்ல."

"இவரா ஒரு சட்டம் வெச்சிருக்காரு, பாருங்க" என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

பெரியவர் பழைய கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏதோ ஒரு பால்கனி, கொடியில் துணி, பக்கத்தில் ஒரு பெண். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலங்கிக் குழம்பிப் போனது.

"இளைச்சுட்டா பாருங்க. முடியை வேற கத்தரிச்சுக்கிட்டா. இடுப்பு வரைக்கும் தொங்கும் தம்பி அவளுக்கு! முடின்னா உசிரு. என்ன கஷ்டமோ, என்ன சீக்கோ. முகத்தைப் பார்த்துட்டா போதும், எனக்குத் தெரிஞ்சுடும். பெத்தவனுக்குத் தெரியாதா?"

லென்ஸுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். உள்ளே பூட்டி வைத்திருந்த கேமராவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான்.

"இது பயங்கர ஜூம் சார். உங்க கை நடுங்கினாலும் படம் நடுங்காது."

"ஐயையோ, இவ்வளவு கனமா!" அந்த அம்மாள் பதறினாள். "நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணின உடம்பு தம்பி. எதையும் தூக்கக் கூடாது, எதுக்கும் அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"தூக்காம இருந்தா மட்டும் நூறு வருஷம் வாழப்போறேனா? இந்த ஒரு பயணத்துக்காகத்தாண்டி அந்தக் கசப்பு மாத்திரையெல்லாம் வருஷம் பூரா முழுங்குறேன்!"

"வாசல்ல நின்னு எதிர்க் கட்டடத்தை எடுத்துப் பாருங்க சார். அப்புறம் நீங்களே சொல்லுவீங்க" என்று கேமராவின் பட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டான் லென்ஸ். புது பொம்மை கிடைத்த பிள்ளைபோலப் பெரியவர் வாசலுக்கு நடந்தார்.

அவர் நகர்ந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் மேஜைமேல் சாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன் தம்பி. அது ரிப்பேர்னு சொல்லிடுங்க. இல்ல, ஏற்கெனவே யாரோ கேட்டு வெச்சிருக்காங்கன்னு சொல்லுங்க. பழசு மாதிரியே ஒண்ணு குடுங்க. முகம் தெரியாததா ஒண்ணு."

லென்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விற்பனை போகிறதே என்ற கோபம் மட்டுமில்லை.

"என்னம்மா பேசுறீங்க? பொண்ணு முகத்தை ஒரு தடவை பார்த்துட மாட்டோமான்னு அந்த மனுஷன் துடியாத் துடிக்கிறாரு. அவரு வீம்பு பிடிச்சாருன்னா, நீங்களாவது கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்க வேணாமா? பெத்த தாய், நீங்களே குறுக்க நிக்கிறீங்களே! மனசு என்ன கல்லா?"

அவள் திட்டை வாங்கிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த பழைய கேமராவை எடுத்து, முந்தானையால் அதன் திரையை மெதுவாகத் துடைத்தாள்.

வாசலிலிருந்து பெரியவரின் குரல் கடையே திரும்பிப் பார்க்கும்படி வந்தது. "ஏய், ஓடி வா! எதிர் மாடியில ஒரு அம்மா நிக்கிறாங்க, அவங்க மூக்குத்திக் கல்லு கூடத் தெரியுது! இந்தத் தடவை நம்ம பொண்ணு எங்கிட்டேருந்து தப்ப முடியாது! தம்பி, பில் போடுங்க!"

"இதோ வந்துட்டேங்க" என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் லென்ஸிடம் சொன்னாள்.

"அந்தப் பால்கனியில நிக்கிறவ, மாப்பிள்ளை ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவ, தம்பி. இவரு ஆபரேஷன் முடிஞ்சு கிடந்தப்பவே எங்க பொண்ணு செத்துப் போயிட்டா."